‘எங்கள்’ என்னும் சொல்

பிள்ளைகளுக்குப் பக்தி ஊட்டுவது எங்ஙனம் என்று கிறிஸ்தவப் பெற்றோர் பலர் கவலையுறுகின்றனர். ஞாயிறுதோறும் ஓய்வுநாட் பள்ளிக்கு அனுப்பிவிட்டால் கடமை தீர்ந்தது என்பாரும் உளர். யான் கண்ட அளவில், பக்தி வேரூன்றுவது வீட்டின் அடுப்பங்கரையிலும் அஞ்சடியிலுமே.

1958-ஆம் ஆண்டில் எனக்கு வயது பத்து. பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், லயத்து வீட்டில் வாழ்ந்து வந்தோம். என் தந்தையார் பால்மரம் வெட்டுபவர். விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, உச்சிப்பொழுதில் பாலை நிறுத்துக் கொடுத்துத் திரும்புவார். எத்துணை அலுப்பாயினும், இரவில் மண்ணெண்ணெய் விளக்கைச் சூழ எங்களை அமர்த்தி, வேதாகமத்தில் ஓர் அதிகாரம் வாசித்து, கர்த்தர் கற்பித்த ஜெபத்தோடு முடிப்பார். ஒருநாளும் தவறியதில்லை.

அதே வீட்டின் இறவாணத்தில் ஒரு தகரக் குவளை செருகியிருக்கும். லயத்துச் சாக்கடை வாரும் முதியவருக்கு அதில்தான் தேநீர். அவரும் கிறிஸ்தவரே, ஆயினும் சாதியின் பெயரால் எங்கள் வாசற்படி கடவாதவர்.

ஓரிரவு ஜெபம் முடிந்ததும் ஆறு வயதுத் தங்கை கேட்டாள்: “அப்பா, ‘எங்கள்’ என்று சொல்கிறோமே, அதில் யார் யார்? சாக்கடைத் தாத்தாவும் உண்டா?”

“உண்டு அம்மா.”

“அப்படியானால் அவருக்கு ஏன் வேறு குவளை?”

தந்தையார் விளக்கைத் தணித்துவிட்டு எழுந்து போனார். இரண்டு இரவுகள் எங்கள் வீட்டில் ஜெபம் நடக்கவில்லை. தாயார் ஒன்றும் பேசாமல் அக்குவளையை எடுத்துக் குப்பைக் குழியில் போட்டார். மூன்றாம் நாள் அந்திவேளையில் தந்தையார் முதியவரை உள்ளே அழைத்தார். “வேண்டாங்க” என்று அவர் கூசி அஞ்சடியிலேயே நின்றார். தந்தையார் வற்புறுத்தவில்லை. பாயையும் விளக்கையும் வேதாகமத்தையும் அஞ்சடிக்கு எடுத்து வந்தார். அன்றுமுதல் எங்கள் ஜெபம் அங்கேயே நடந்தது. உறவினர் சிலர் எங்கள் வீட்டில் கைநனைப்பதை விட்டனர். தந்தையார் அதைப் பொருட்படுத்தவில்லை.

இந்நோய் எங்கள் வீட்டில் மட்டும் இருந்ததன்று. 1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கிய பின் எழுந்த தமிழ்ச் சபைகளிலும் சாதிக்கோர் இருக்கை இருந்தது. 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாதென ஆணையிட்டபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே விலகினர். அத்தியட்சரின் ஆணைக்கு அசையாத நெஞ்சமும் தன் குழந்தையின் வினாவுக்கு அசைதல் கூடும்.

பெற்றோரே! பிள்ளைகள் நம் வாயைவிட நம் கையையே உற்று நோக்குகின்றனர். அக்காலத்தில் யான் கேட்ட பிரசங்கங்களில் ஒன்றேனும் இன்று நினைவில் இல்லை. அஞ்சடியில் எரிந்த விளக்கோ இன்னும் அணையவில்லை.

எனினும் பிறர்க்கு உரைக்க எனக்கு என்ன தகுதி? இன்று பட்டணத்தில் மகன் வீட்டில் வாழ்கிறேன். அங்கு வேலைக்கிருக்கும் பிலிப்பீன்சு நாட்டுப் பெண்ணுக்கெனத் தனித்தட்டு ஒன்று அடுப்பங்கரை மூலையில் இருக்கக் கண்டேன். அப்பெண்ணும் அதே ஜெபத்தைத் தன் மொழியில் சொல்பவளே. மகன் மனம் நோகுமே என்று அஞ்சி நான்கு நாள் வாளாவிருந்தேன். ஐந்தாம் இரவு, குடும்ப ஜெபம் முடிந்ததும், பேரப்பிள்ளைகள் முன்னிலையில் என் தங்கையின் வினாவை யானே கேட்டேன்.

மகன் இன்னும் விடை கூறவில்லை. என் தந்தையாருக்கு மூன்று நாள் ஆயிற்று. காத்திருக்கிறேன்.