கிரீம் டப்பாவுக்குள் ஒரு தரகர்

ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர், பாதி எண்ணெய் ஊற்றி நன்றாகக் குலுக்கினால் சில நொடிகளுக்குப் பால் மாதிரி வெளுத்துத் தெரியும். கீழே வைத்த கொஞ்ச நேரத்தில் எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே என்று பழையபடி பிரிந்துவிடும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். முகத்துக்குப் போடும் கிரீமிலும் எண்ணெயும் தண்ணீரும்தான் இருக்கின்றன. அது மட்டும் ஏன் மாதக்கணக்கில் பிரியாமல் வெண்ணெய் மாதிரி இருக்கிறது?

காரணம், நடுவில் நிற்கும் ஒரு தரகர். எமல்சிஃபையர் என்று பெயர். வேதியியல் பாடத்தில் இந்த வகைக் கலவையைப் பால்மம் என்பார்கள். பால் என்பதே கொழுப்பும் தண்ணீரும் பிரியாமல் கலந்து நிற்கும் ஒரு பால்மம்தான். எமல்சிஃபையரின் மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். சின்னச் சின்ன எண்ணெய்த் துளிகளைச் சுற்றி வாலை உள்ளே விட்டு, தலையை வெளியே நீட்டிக்கொண்டு நின்றுவிடும். துளிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பெரிதாக வழியில்லை. கிரீம் பிரியாமல் இருக்கிறது.

எதற்கு இவ்வளவு பீடிகை என்றால், இந்தத் தரகர் கிரீமை டப்பாவில் பிரியாமல் வைத்ததோடு தன் வேலையை நிறுத்திக்கொள்வதில்லை. தோலுக்கும் கூடவே வருகிறார். வந்து என்ன செய்கிறார் என்பது பிரிட்டனில் குழந்தைகள் அழுது தெரிந்த கதை.

அங்கே மருந்துத் தயாரிப்புக்கென்று அதிகாரபூர்வ நூல் ஒன்று உண்டு: பிரிட்டிஷ் பார்மகோபியா. அதில் எமல்சிஃபையிங் வாக்ஸ் என்று ஒரு பொருள். தமிழில் சொன்னால் பால்மமாக்கும் மெழுகு. ஆனால் தேன்மெழுகு மாதிரி ஒரே பொருள் அல்ல, கலவை. 90 சதவீதம் செட்டோஸ்டியரில் ஆல்கஹால், 10 சதவீதம் சோடியம் லாரில் சல்ஃபேட்.

முதலில் அந்த 90 சதவீதம். ஆல்கஹால் என்று பார்த்தவுடன் பலரும் டப்பாவைத் திரும்ப வைத்துவிடுவார்கள். தோல் காய்ந்துபோகும், முடி வறண்டுபோகும் என்ற பயம். சானிடைசரில் இருப்பது எத்தனால் மாதிரியான சின்ன மூலக்கூறு; சட்டென்று ஆவியாகும், காயவைக்கும். செட்டோஸ்டியரில் ஆல்கஹால் என்பது 16 கார்பனும் 18 கார்பனும் கொண்ட இரண்டு நீளமான கொழுப்பு ஆல்கஹால்களின் கலவை. வெள்ளையாக, மெழுகுத் துண்டு மாதிரி இருக்கும். ஆவியாகாது, குடித்தால் போதையும் ஏறாது. லேபிளில் பெரும்பாலும் செட்டியரில் ஆல்கஹால் என்று போட்டிருப்பார்கள்; இரண்டும் ஒன்றுதான்.

இதன் 16 கார்பன் பாதிக்கு செட்டைல் ஆல்கஹால் என்று பெயர். பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் செவ்ரல் 1817-ல் இதைப் பிரித்தெடுத்தபோது கையில் இருந்தது ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுத்த மெழுகு. திமிங்கிலத்துக்கு லத்தீனில் செட்டஸ்; அதிலிருந்து வந்த பெயர்தான் செட்டைல். இன்று பெரும்பாலும் பாமாயில் போன்ற தாவர எண்ணெய்களிலிருந்து எடுக்கிறார்கள். திமிங்கிலம் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது.

தலைக்குப் போடும் கண்டிஷனரின் வழவழப்புக்கும் முக்கியக் காரணம் இதே பொருள்தான். அங்கே இதற்குத் துணையாக நேர்மின்சுமை கொண்ட வேறொரு எமல்சிஃபையரைச் சேர்ப்பார்கள். அடிபட்ட முடியில் எதிர்மின்சுமை அதிகம். இரண்டும் ஈர்த்துக்கொள்வதால், அலசிய பிறகும் மெல்லிய ஒரு படலம் முடியில் தங்குகிறது. சீப்பு சிக்காமல் இறங்குகிறது. ஆக, பெயரைப் பார்த்துப் பயந்த பொருள் சாதுவானது. வெகு சிலருக்கு அலர்ஜி வரலாம், அவ்வளவே.

இப்போது மீதி 10 சதவீதம். சோடியம் லாரில் சல்ஃபேட்டைப் பற்றி 1990-களின் கடைசியிலிருந்து ஒரு வதந்தி மின்னஞ்சலில் சுற்றிக்கொண்டே இருந்தது: ஷாம்பூவில் இது இருந்தால் புற்றுநோய் வரும் என்று. அது உண்மையல்ல. உண்மையான குற்றச்சாட்டு வேறு. இது தோலை எரிச்சலூட்டும். தோல் ஆய்வுக்கூடங்களில் வேண்டுமென்றே எரிச்சலை உண்டாக்கிப் பார்க்க வேண்டுமென்றால் வழக்கமாகக் கையில் எடுப்பதே இதைத்தான்.

இந்த மெழுகோடு பாரஃபின்கள் சேர்ந்தால் எமல்சிஃபையிங் ஆயின்ட்மென்ட். அதில் மெழுகு 30 சதவீதம். அந்த ஆயின்ட்மென்ட் 30 சதவீதம், மீதி தண்ணீரும் கொஞ்சம் பதப்படுத்தியும் சேர்ந்தால் அக்குவஸ் கிரீம். கணக்குப் போட்டால் கிரீமில் மெழுகு 9 சதவீதம், சோடியம் லாரில் சல்ஃபேட் 0.9 சதவீதம். 500 கிராம் டப்பாவில் நாலரை கிராம். கேட்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும்.

அக்குவஸ் கிரீம் மலிவு. வாசனை கிடையாது, நிறம் கிடையாது. எக்ஸிமா வந்த குழந்தைகளுக்கு பிரிட்டிஷ் மருத்துவர்கள் பல வருடங்களாகத் தாராளமாக எழுதிக் கொடுத்தார்கள். சோப்புக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவவும் அதே டப்பா, உடம்பில் தடவி அப்படியே விடவும் அதே டப்பா. தடவியதும் எரிகிறது என்று குழந்தை அழுதால், அடம் பிடிக்கிறது என்றோ நோய்தான் முற்றிவிட்டது என்றோ நினைப்பது எளிது. மருந்தே காரணம் என்று யாருக்குத் தோன்றும்?

ஷெஃபீல்டில் ஒரு குழுவுக்குத் தோன்றியது. எக்ஸிமா உள்ள 100 குழந்தைகளின் அனுபவத்தைத் தொகுத்து 2003-ல் வெளியிட்டார்கள். அக்குவஸ் கிரீமைப் பயன்படுத்தியதில் 56 சதவீதம் உடனடி எரிச்சலில் முடிந்திருந்தது. மற்ற தோல் கிரீம்களில் அது சுமார் 18 சதவீதம்தான். 2010-ல் பாத் பல்கலைக்கழகத்தின் சிறு ஆய்வு ஒன்று, எக்ஸிமா இல்லாதவர்களின் முன்கையிலேயே இந்தக் கிரீமை நான்கு வாரம் தடவிப் பார்த்தது. தோலின் வெளி அடுக்கு பத்தில் ஒரு பங்குக்கும் மேல் மெலிந்திருந்தது. தோல் வழியாகத் தண்ணீர் வெளியேறுவது கூடியிருந்தது.

ஏன் இப்படி? தோலின் வெளி அடுக்கை ஒரு செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளலாம். இறந்த செல்கள் செங்கல்; இடையில் உள்ள செரமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் சாந்து. சாந்தும் எண்ணெய்ப் பசைதானே. டப்பாவில் உள்ள எண்ணெய் வேறு, தோலில் உள்ள எண்ணெய் வேறு என்று தரகருக்குத் தெரியாது. வால் நுழைய இடம் கிடைத்தால் நுழையும். கழுவிவிட்டால் சில நிமிடத்தில் போய்விடும். தடவி விட்டுவிட்டால் மணிக்கணக்கில் அங்கேயே வேலை பார்க்கும். எக்ஸிமா உள்ள குழந்தைக்குச் சுவர் ஏற்கெனவே பலவீனம்.

2013 மார்ச்சில் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை வெளியிட்டது. தடவி விடும்போது, அதிலும் எக்ஸிமா உள்ள குழந்தைகளுக்கு, எரிச்சலும் அரிப்பும் சிவப்பும் வரலாம். பெரும்பாலும் 20 நிமிடத்துக்குள் வரும். சோடியம் லாரில் சல்ஃபேட் காரணமாக இருக்கலாம் என்றது. டப்பாவிலும் இந்த எச்சரிக்கை வர வேண்டும் என்று முடிவாயிற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், மாற்று ரொம்ப நாளாகவே கையில் இருந்தது. அதே பார்மகோபியாவில் செட்டோமேக்ரோகால் எமல்சிஃபையிங் வாக்ஸ் என்று இன்னொன்று உண்டு. அதிலும் செட்டோஸ்டியரில் ஆல்கஹால்தான் பெரும்பங்கு. துணைக்கு வருவது மட்டும் மின்சுமை இல்லாத, தோலுக்குச் சாதுவான வேறு பொருள். அமெரிக்காவில் எமல்சிஃபையிங் வாக்ஸ் என்று வாங்கினாலும் கிடைப்பது மின்சுமையில்லாத வகைதான். ஒரே பெயர், இரண்டு தேசத்தில் இரண்டு பொருள்.

பயப்பட வைத்த ஆல்கஹால் சாதுவாக இருந்தது. நம்பிக்கை தந்த மெழுகுக்குள் எரிச்சல் ஒளிந்திருந்தது. அதனால் லேபிளில் ஒரு பெயரைப் பார்த்ததும் நல்லது, கெட்டது என்று முடிவு கட்டுவதைவிட இரண்டு கேள்வி கேட்பது மேல். கூட யார் இருக்கிறார்? இது கழுவிவிடுவதா, தங்குவதா? ஷாம்பூவில் இரண்டு நிமிடம் இருந்துவிட்டுப் போகிற அதே பொருள், ராத்திரி முழுக்கத் தோலில் இருந்தால் கணக்கு மாறிவிடும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அது லேபிளில் இருக்காது. எரிகிறது என்று குழந்தை சொன்னால், முதலில் அதை நம்புவது.