படகைப் பெருசாக்கலாம்... கூரை போடலாமா? ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு முட்டுக்காடு - கோவளம் ரவுண்டு!

ஊரப்பாக்கத்துக்குக் கடல் கிடையாது. ஜி.எஸ்.டி சாலை, ரயில் தண்டவாளம், ஏரி, 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையம் என்று ஊரின் அடையாளங்கள் எல்லாமே தரை மேல்தான். ஆனாலும் இந்தப் பக்கத்து மக்களுக்குப் படகு ஒன்றும் புதிதில்லை. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ மழை கொட்டியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. லாரியில் ஏறி வந்த மீனவர் படகுகள், கார் நிறுத்தும் இடங்களுக்கு மேலே மிதந்து போய் மாடியில் நின்றவர்களை இறக்கி வந்தன. அன்று மொட்டை மாடியில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். படகு என்றால் அவர்களுக்கு உல்லாசப் பயணம் நினைவுக்கு வராது.

அந்தப் படகுகள் எங்கே நிற்கின்றன, எப்படிப் பெரிதாகின்றன, ஏன் அவற்றுக்குத் தலைக்கு மேல் ஒரு நிழல்கூட இல்லை? விடை தேடிப் போக வெகுதூரம் வேண்டாம். ஊரப்பாக்கத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், அரை நாள் போதும்.

வண்டலூரில் உயிரியல் பூங்காவைத் தாண்டி கேளம்பாக்கம் சாலையில் திரும்ப வேண்டும். கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம் என வரிசையாக ஊர்கள். புதுப்பாக்கம் ஆஞ்சநேயர் மலைக்கோயிலுக்கு ஏறுபவர்கள் காலையிலேயே ஏறிவிடுவது நல்லது. கேளம்பாக்கத்தில் ஓ.எம்.ஆரைக் கடந்ததும் காட்சி மாறிவிடும். இரண்டு பக்கமும் தண்ணீர், பழைய உப்பளங்களின் வரப்புகள், தூரத்தில் கொக்கு கூட்டம். இது கழிமுகத்தின் கைநீட்டல். தாம்பரத்துக்குக் கிழக்கே உள்ள ஏரிகள் நிரம்பினால் அந்த நீர் பள்ளிக்கரணை, ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக வந்து, கடைசியில் முட்டுக்காட்டில்தான் கடலைத் தொடுகிறது. ஊரப்பாக்கத்து வெள்ளமோ ஆதனூர் பக்கமாக அடையாற்றுக்குப் போய்விடும்.

முட்டுக்காடு: அமைதியான தண்ணீர், தைரியமான கூரை

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் முட்டுக்காடு படகு இல்லம் 1984 முதல் இயங்குகிறது. துடுப்புப் படகு, மிதிபடகு, மோட்டார் படகு, வேகப் படகு என்று படகு வளர்ந்த கதையை இங்கே ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். மோட்டாரைப் படகின் வயிற்றுக்குள் வைக்காமல், பின்பலகையில் வெளியே மாட்டினால் அதுதான் அவுட்போர்டு. அரசு ஆவணங்களில் 'வெளிப்பொருத்தும் இயந்திரம்'. இலங்கைத் தமிழில் 'வெளியிணைப்பு இயந்திரம்'. கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போகலாம், பழுது பார்க்கலாம், வேறு படகில் மாட்டலாம். அதனால்தான் முதல் மோட்டார் வாங்குபவர்களின் கண் இதன் மேல் விழுகிறது.

அந்த வரிசையின் கடைசியில் சமீபத்தில் சேர்ந்திருப்பது மிதக்கும் உணவகக் கப்பல். 125 அடி நீளம், 25 அடி அகலம், இரண்டு அடுக்கு. கீழ்த்தளம் ஏ.சி, மேல்தளம் திறந்தவெளி. வெயில் தாங்காதவர்கள் கீழே, காற்று வேண்டுபவர்கள் மேலே. இவ்வளவு பெரிய, மூடிய படகை இங்கே மிதக்கவிட முடிவதற்கு ஒரே காரணம், இங்கே அலை கிடையாது. ஆழம் குறைவு, கரை கூப்பிடு தூரம்.

அதற்காக அமைதியான தண்ணீரில் ஆபத்தே இல்லை என்று அர்த்தமல்ல. தேக்கடி ஏரியில் 2009 செப்டம்பர் 30 அன்று இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அங்கே அலையா இருந்தது? மேல்தளத்தில் இருந்தவர்கள் ஒரே பக்கமாக நகர, எடை சாய்ந்தது. கேரளத்தின் தானூரில் 2023 மே 7 மாலை நடந்தது இன்னும் கொடுமை. மீன்பிடிப் படகு ஒன்றை மாற்றியமைத்து, மேலே ஓர் அடுக்கு ஏற்றி, சுற்றுலாப் படகாக ஓட்டினார்கள். அளவுக்கு மேல் ஆட்கள். கவிழ்ந்தபோது 22 உயிர்கள் போயின, அதில் குழந்தைகள் பலர். மீன்பிடிக்க வடிவமைத்த அடிப்பாகத்தின் மேல் வீடு கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கூரை போடத் திட்டமிடும் எவரும் முதலில் யோசிக்க வேண்டியது நிழலைப் பற்றியல்ல, வெளியேறும் வழியைப் பற்றி. படகு சாயும்போது எந்தப் பக்கம் மேலே இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால் இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும். மழைக்குத் திரை வேண்டுமென்றால், ஒரே இழுப்பில் சுருண்டு மேலே போகிற பிளாஸ்டிக் திரை போதும். நான்கு புறமும் கண்ணாடி போட்டு அடைத்தால் அழகாக இருக்கும், கவிழ்ந்தால் கூண்டு. லைஃப் ஜாக்கெட் போட்டவர் மூடிய கூரைக்குள் மாட்டினால் அந்த ஜாக்கெட்டே அவரைக் கூரையோடு சேர்த்து அழுத்தும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. முன்பக்கமும் பக்கவாட்டும் மூடி, பின்பக்கம் மட்டும் திறந்த கூரையோடு படகு ஓடும்போது, பின்னால் இருக்கும் மோட்டாரின் புகை உள்ளே இழுக்கப்படும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, வாசனையில்லை. தலைவலி, தூக்கம் என்று தொடங்கி ஆளைச் சாய்த்துவிடும். பெட்ரோல் ஆவியும் காற்றைவிடக் கனமானது. மூடிய படகின் அடியில் போய்த் தேங்கி நின்று, ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும். எனவே முன்னாலிருந்து காற்று நுழைந்து பின்னால் போக வழி விடாத கூரை, கூரையே இல்லை.

கோவளம்: 20 அடி, 30 அடி... இடையில் ஓர் அலை

முட்டுக்காட்டுப் பாலத்திலிருந்து தெற்கே சில கிலோமீட்டரில் கோவளம். கார்மேல் மாதா கோயிலும் தமீம் அன்சாரி தர்காவும் அடுத்தடுத்து இருக்கும் பழைய துறை. 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கம்பெனிகள் அடித்துக்கொண்ட இடம். இங்கிருந்த கோட்டையை 1752-ல் கிளைவ் கைப்பற்றித் தகர்த்தார். இப்போது நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை ஒரு பக்கம், அலைச்சறுக்கு இளைஞர்கள் ஒரு பக்கம், நடுவே மணலில் மூக்கை நீட்டிக்கொண்டு வரிசையாக ஃபைபர் படகுகள்.

ஒரு தலைமுறைக்கு முன் இங்கே பார்த்திருந்தால் கட்டுமரம்தான் அதிகம் தெரிந்திருக்கும். லேசான மரத்துண்டுகளைக் கயிற்றால் கட்டியது. தண்ணீர் உள்ளே வரும், அப்படியே இடுக்கு வழியே வெளியே போகும். மூழ்க அதற்கு வயிறே இல்லை. ஆங்கில அகராதியில் ஏறிய தமிழ்ச் சொல் என்று பெருமைப்படுகிறோமே, அந்தக் கட்டுமரம் கோவளம் மாதிரியான கரையின் அலைக்குப் பதிலாகப் பிறந்தது. 2004 சுனாமி பல ஆயிரம் கட்டுமரங்களை அடித்துப் போனது. நிவாரணமாகப் பெருமளவில் வந்தவை ஃபைபர் படகுகள். ஒரே ஆண்டில் கரையின் முகமே மாறிப்போனது.

அதற்குப் பிறகு எல்லாம் நீளத்தின் கதை. மீன் தள்ளிப் போகிறது, இன்னும் தூரம் போக வேண்டும், இன்னும் வலை ஏற்ற வேண்டும், அதனால் அடுத்த படகு கொஞ்சம் பெரிசு. கேட்க எளிதாக இருக்கிறது. கணக்கு வேறு மாதிரி. 20 அடிப் படகை அதே விகிதத்தில் 30 அடியாக்கினால் நீளம் ஒன்றரை மடங்கு, அகலம் ஒன்றரை மடங்கு, உயரமும் ஒன்றரை மடங்கு. மொத்தக் கொள்ளளவு மூன்று மடங்குக்கும் மேல்! நான்கு பேர் தோள் கொடுத்துத் தள்ளிய படகுக்கு இனி டிராக்டர் வேண்டும். மோட்டாரும் சும்மா மாறாது. பின்பலகையின் உயரத்தைப் பொறுத்து அவுட்போர்டின் தண்டு 15 அங்குலம், 20 அங்குலம் என்று வேறுபடும். பழைய மோட்டாரைப் புதிய உயரமான பலகையில் மாட்டினால் விசிறி தண்ணீரைச் சரியாகப் பிடிக்காமல் காற்றைக் கலக்கும். படகின் விலையை மட்டும் பார்த்துக் கடன் வாங்கிய குடும்பம் இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. மோட்டார், எரிபொருள், இழுவைச் செலவு எல்லாம் சேர்ந்து வளரும்.

சென்னைக் கரையில் பெட்ரோல் அவுட்போர்டைவிட நீண்ட தண்டு கொண்ட டீசல் எஞ்சின்தான் அதிகம் கண்ணில் படும். டீசல் சிக்கனம் ஒரு காரணம். அதைவிட முக்கியம், கரை நெருங்கும்போது தண்டைத் தூக்கி விசிறியை மணலில் இடிக்காமல் காப்பாற்றலாம். இந்தத் தூக்கும் வசதிக்குப் பின்னால் பெரிய ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. ஐ.நா-வின் உணவு வேளாண்மை அமைப்பு 1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலையைத் தாண்டிக் கரையேறும் மோட்டார் படகுக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தது. டீசல் எஞ்சினையும் விசிறியையும் ஒன்றாகத் தூக்கும் அமைப்பு அதில் பிறந்தது.

ஆக, நீளம் வந்தது, மோட்டார் வந்தது. கூரை மட்டும் ஏன் வரவில்லை?

கரையில் நின்று ஒரு படகு திரும்பி வருவதைப் பாருங்கள், புரிந்துவிடும். அலை உடையும் இடத்துக்கு வெளியே படகு நிதானிக்கிறது. பின்னால் எஞ்சின் பிடித்தவர் எழுந்து நிற்கிறார். தலையைத் திருப்பி, பின்னால் வரும் அலைகளை எண்ணுகிறார். ஒரு பெரிய அலை போய், சின்னது வரும் இடைவெளியில் எஞ்சினை முறுக்குகிறார். அணியம் மணலில் ஏறும்வரை அவர் உட்காருவதில்லை. அவர் தலைக்கு மேல் கூரை இருந்தால் நிற்க முடியாது. பின்னால் திரை இருந்தால் அலை தெரியாது. பக்கக் காற்று கூரையைப் பாய் மாதிரிப் பிடித்துப் படகைக் குறுக்கே திருப்பினால், அடுத்த அலை அதைக் கவிழ்த்துவிடும். வலை இழுக்கவும் இடம் வேண்டும், கம்பங்களில் வலை சிக்கக் கூடாது.

காசிமேட்டு விசைப்படகுகளுக்கு அறை இருக்கிறதே என்று கேட்கலாம். அவற்றுக்குத் துறைமுகம் இருக்கிறது. சுவருக்குள் வந்து கட்டிவிடலாம், அலையைத் தாண்டி மணலில் ஏற வேண்டியதில்லை. ஒரு படகுக்குக் கூரை கிடைக்குமா என்பதை அதன் உரிமையாளரின் பணத்தைவிட, அது போய் நிற்கும் இடம்தான் முடிவு செய்கிறது.

நிழல் வேண்டாம் என்பதல்ல. ஏப்ரல், மே மாதத்தில் எட்டு மணி நேரம் திறந்த கடலில் இருப்பவருக்கு அது ஆடம்பரமில்லை, உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம். செய்யக்கூடியது மடக்குக் கூரை. குழாய்ச் சட்டம், அதன்மேல் தார்ப்பாய் அல்லது நிழல்வலை. வலை போட்டுவிட்டுக் காத்திருக்கும்போது விரிக்கலாம், கரை தெரிந்ததும் மடித்துக் கீழே படுக்க வைத்துவிடலாம். தாழ்வாக, லேசாக, எடை மேலே ஏறாமல். முன்பகுதியில் மட்டும் போட்டால் எஞ்சின் பிடிப்பவரின் பார்வை மறைகிறதா என்று முதலில் கரையிலேயே நின்று பார்த்துவிட வேண்டும். புதுப் படகு கட்டும்போதே சட்டத்துக்கான இடங்களைப் பலப்படுத்திக்கொண்டால், பின்னால் ஃபைபரில் துளை போட்டு விரிசல் விட வேண்டியதில்லை.

முடிச்சூர் தெருக்களுக்கு வந்த படகுகளையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். கூரை இல்லாததால்தான் அவை லாரியில் ஏறின, தாழ்ந்து தொங்கும் மின்கம்பிக்கு அடியிலும் பால்கனிக்கு அடியிலும் நுழைய முடிந்தது. மாடியிலிருந்து ஒரு பாட்டியை நேராகப் படகுக்குள் இறக்க முடிந்தது. மதிலும் மரக்கிளையும் மூழ்கிக் கிடக்கும் தெருவில் விசிறி சுற்றினால் உடையும் என்பதால், அங்கே துடுப்பும் கயிறும் கைத்தள்ளலுமே உதவும். பெரிய படகு அங்கே சுமைதான்.

போகும் முன்...

கோவளத்துக்கு விடியற்காலையில் போனால் படகுகள் திரும்புவதைப் பார்க்கலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த 61 நாள்களில் இந்தச் சின்னப் படகுகளின் மீனுக்குத்தான் கிராக்கி, விலையும் அதற்கேற்ப. வெயில் ஏறியதும் முட்டுக்காட்டுக்கு வந்துவிடலாம். மழைக்காலமாக இருந்தால் படகு ஓடுகிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் படகில் ஏறினாலும் லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு செல்ஃபி எடுக்காதீர்கள், கொக்கியை மாட்டிக்கொள்ளுங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் மீன்பிடிப் படகில் உலா போன 20-க்கும் மேற்பட்டோர் கரை திரும்பவில்லை. குழந்தைகளுக்குப் பெரியவர்கள் ஜாக்கெட் சரிவராது, சின்ன அளவு கேட்டு வாங்குங்கள். கோவளம் மணலில் படகை இழுக்கும் கயிறு விறைத்திருக்கும்போது அதைத் தாண்டவோ, அதன் பக்கத்தில் நிற்கவோ வேண்டாம். அறுந்தால் சாட்டை மாதிரி அடிக்கும். கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், படகு மேலே ஏறியதும் மீன் கூடையோடு அவர்களே உங்களிடம் வருவார்கள்.