படத்துக்குள் அப்பா

மூன்றாம் வகுப்பில் 'என் குடும்பம்' என்று ஒரு படம் வரையச் சொன்னார்கள். அம்மாவைச் சைக்கிளில் வரைந்தேன், கேரியரில் பூக்கூடையோடு. அப்பத்தா திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவைச் சுவரில் மாட்டிய போட்டோவாக வரைந்தேன். அப்பா சிங்கப்பூரில் பெயிண்டர். எங்கள் வீட்டில் அவர் இருந்தது அப்படித்தான். டீச்சர் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, என்னைப் பக்கத்தில் இழுத்துத் தலையைத் தடவி, "எப்படா தவறிப்போனாரு?" என்றார். சுவருக்குப் போகிறவர்கள் யார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து போட்டோவைக் கழற்றச் சொல்லி அழுதேன். அம்மா கழற்றவில்லை.

இது ஞாபகம் வரக் காரணம் என் ஆறு வயது மகள். இரவில் அவளுக்குப் படப்புத்தகம் படித்துக் காட்டுவது என் பொறுப்பு. புதுக்கவிதை பற்றிப் பத்து வருஷமாகக் கருத்துச் சொல்லி வருகிறவன் பூனைக்குட்டிப் புத்தகத்துக்கு விமர்சனம் எழுதுவதாவது என்று நண்பர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். ஒரு மனுஷன் முதன்முதலில் சந்திக்கும் கலைப்படைப்பு அதுதான். அதைப் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் எத்தனை பக்கம் எழுதப்பட்டிருக்கிறது?

இந்தப் புத்தகங்களில் ஒரு குடும்பம் திரும்பத் திரும்ப வருகிறது. அப்பா பேப்பர் படிக்கிறார். அம்மா சமைக்கிறாள். பாட்டி கதை சொல்கிறாள். வாசலில் கோலம், கூடத்தில் குத்துவிளக்கு. கலாச்சாரம் என்பது ஓவியர் கடைசியில் ஒட்டிவிடும் பொட்டு மாதிரி இருக்கிறது. யாரும் யாரோடும் பேசாமலிருப்பதில்லை. யாருக்கும் கடன் இல்லை. முக்கியமாக, யாரும் ஊரில் இல்லாமல் இல்லை.

இதற்கு ஓவியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1957இல் டில்லியில் இரண்டு ஸ்தாபனங்கள் தோன்றின: அரசின் நேஷனல் புக் டிரஸ்ட், கார்ட்டூனிஸ்ட் சங்கர் தொடங்கிய சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட். நேரு பால புஸ்தகாலயம் என்ற வரிசை முதலாவதிலிருந்து வந்தது. மலிவு விலை, எல்லா மொழியிலும் ஒரே புத்தகம், நல்ல லட்சியம்தான். ஆனால் வண்ண அச்சுக்கு ஒரு கணக்கு உண்டு. செலவு படத்துக்கு. படத்தை ஒரே தடவையில் அடித்துக்கொண்டு, எழுத்து வரும் கறுப்புத் தகட்டை மட்டும் மொழிக்கு மொழி மாற்றினால் கட்டுப்படியாகும். ஆகவே அந்த வீடு பஞ்சாபிலும் செல்ல வேண்டும், பட்டுக்கோட்டையிலும் செல்ல வேண்டும். எல்லா ஊரிலும் செல்லுபடியாகும் வீடு எந்தத் தெருவிலும் இருக்காது.

நம் பக்கம் வேறு மாதிரி. இந்த ஜில்லாவின் ராயவரத்தில் பிறந்த அழ. வள்ளியப்பா (1922–1989) இந்தியன் வங்கியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்காக எழுதினார். அவரும் வங்கிக்காரர் என்பதில் எனக்கொரு அற்ப சந்தோஷம். ஆனால் அவர் வளர்த்த மரபு காதுக்கானது. அதில் பாட்டு எஜமானி, படம் வேலைக்காரி. 1947இல் வந்த அம்புலிமாமாவில் படம் ராணியாக இருந்தது. அங்கே வீடுகள் அரண்மனைகளாகவும் வியாபாரிகளின் மாளிகைகளாகவும் இருந்தன. தொண்ணூறுகளில் சென்னையில் தாரா, துலிகா போன்ற பதிப்பகங்கள் வந்த பிறகுதான் கறுத்த குழந்தைகளும் நிஜமான வீடுகளும் படத்துக்குள் நுழைந்தன. படங்கள் அபாரம். சில புத்தகங்களில் தமிழ்தான் இன்னும் ஆங்கிலத்தின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிறது. படிக்கும்போது நான் வாக்கியத்தை எங்களூர்ப் பேச்சுக்கு மாற்றிவிடுகிறேன். மகள் ஆட்சேபிப்பதில்லை.

பகலில் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும்போது கீரமங்கலத்துக் குடும்பம் வேறு விதமாகத் தெரிகிறது. மல்லிகை, முல்லை, காக்கரட்டான் என்று பூ மார்க்கெட்டில் போட்டுவிட்டு ஈரக் கையோடு பெண்கள் வருகிறார்கள். சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ பணம் ஏறிவிட்டதா என்று கேட்கிறார்கள். நாமினி பாரத்தில் 'உறவு' என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நிற்கிறது. அவர்களில் சிலர் 1991இல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கத்தில் கையெழுத்துப் போடக் கற்றவர்கள். அதே கையோடு இந்த ஜில்லாவில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். என் அம்மா அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. ஹாண்டில்பாரில் தூக்குச்சட்டி ஆட, விடியுமுன் பூவோடு போகும் ஒரு அம்மாவை இதுவரை எந்தப் படப்புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை.

சென்னை நண்பர் ஒருவர் எஸ்ரா ஜாக் கீட்ஸின் இரண்டு புத்தகங்களை அனுப்பினார். 'தி ஸ்னோயி டே' 1962இல் வந்தது. பீட்டர் என்ற கறுப்பினப் பையன் பனியில் விளையாடுகிறான், வீட்டுக்கு வருகிறான், அம்மா ஈரத்துணியைக் கழற்றிவிடுகிறாள். அவ்வளவுதான். 1940இல் லைஃப் பத்திரிகையிலிருந்து வெட்டியெடுத்த ஒரு சிறுவனின் போட்டோக்களை இருபது வருஷத்துக்கு மேல் வைத்திருந்து கீட்ஸ் அந்தப் பையனை உண்டாக்கினார். கீரமங்கலத்தில் பனி கிடையாது. ஆனால் அந்தப் புத்தகத்தில் அப்பா இல்லை. ஏன் இல்லை என்று யாரும் கேட்பதில்லை, புத்தகமும் சொல்வதில்லை. இல்லாமையைக் குறையாகக் காட்டாத அந்த மௌனத்தில் என் வீடு இருந்தது. கோலமும் குத்துவிளக்கும் போட்ட புத்தகங்களில் அது இருந்ததில்லை. கலாச்சாரத்தைப் பிரதிபலிப்பது என்று நாம் பேசுவதில் எங்கோ கோளாறு இருக்கிறது என்று அன்றிரவு பட்டது.

பீட்டரின் அப்பா 1967இல் 'பீட்டர்ஸ் சேர்' என்ற புத்தகத்தில் வருகிறார். தங்கை பிறந்திருக்கிறாள். பீட்டரின் பழைய சாமான்களுக்கெல்லாம் பிங்க் பெயிண்ட் அடிக்கிறார்கள். அவன் கோபித்துக்கொள்கிறான். கடைசியில் அப்பாவும் பையனும் சேர்ந்து அந்தச் சின்ன நாற்காலிக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள்.

என் அப்பா 2010இல் திரும்பி வந்தார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஒரே வீட்டில் இருவரும் விருந்தாளிகள் மாதிரி நடந்துகொண்டோம். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் ஓடுகளைப் பிடுங்கியபோது சுவர் போட்டோ நனைந்து, முகம் கரைந்துபோயிற்று. அப்பாதான் அதைக் கழற்றி வெளியே வைத்தார். வேறு போட்டோ மாட்ட வேண்டும் என்று அம்மா சொல்லவில்லை.

போன வாரம் நான் ஆபீசிலிருந்து வந்தபோது மகள் அவர் மடியில் உட்கார்ந்து 'பீட்டர்ஸ் சேர்' காட்டிக்கொண்டிருந்தாள். கதையை என் வார்த்தைகளிலேயே சொன்னாள். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசிப் படத்தை நெருக்கமாகப் பார்த்தார்.

"பட்டி பாக்காம, பிரைமர் அடிக்காம அடிக்கிறாய்ங்க. ஆறு மாசத்துல உரிஞ்சுரும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஒனக்கு அப்ப ஒரு நாக்காலி இருந்துச்சுல்ல, என்ன கலரு அது?" என்று கேட்டார்.

பச்சை என்றேன்.