ஐந்நூறு ரூபாய் ஸ்விட்ச்!

கார் ரேடியேட்டர்கிட்ட ஒரு ஃபேன் இருக்கே, அது எப்போ சுத்தணும்னு முடிவு பண்றது யாருன்னு தெரியுமா? எனக்கும் தெரியாது... கிளியூர் அருவி பார்க்கக் கிளம்பின அந்த ஞாயித்துக்கிழமை வரைக்கும்!

எங்க பழைய கார், டிராஃபிக்ல நின்னா சூடாச்சு. 'ஃபேன் ஸ்விட்ச் போச்சு தம்பி, மாத்திடுங்க'ன்னார் மெக்கானிக் அண்ணன். அப்பா 500 ரூபாயை என் கையில கொடுத்தார். அது சினிமா டிக்கெட்டாவும் பரோட்டாவாவும் மாறிடுச்சு. 'மாத்தியாச்சாடா?'ன்னு கேட்டப்போ, 'ஆச்சுப்பா!'ன்னு கூசாம சொன்னேன்.

சேலத்துல இருந்து ஏற்காடு போற மலைப்பாதையில 20 கொண்டை ஊசி வளைவு. நான் ஸ்டியரிங்ல, பக்கத்துல அப்பா, பின்னாடி அம்மாவும் தங்கச்சியும். ஹைவேயில போறப்ப எதிர்க்காத்தே ரேடியேட்டரை ஆத்திடும். மலை ஏறும்போது கதையே வேற. சின்ன கியர்ல இன்ஜின் மூச்சு முட்ட இழுக்கும், வேகம் இருக்காது, காத்தும் பத்தாது. அங்க ஃபேன்தான் தெய்வம்!

பாதி மலையில டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுச்சு. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தா, ஃபேன் அசையவே இல்லை. பதட்டத்துல ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனேன். 'கையை எடுடா!'ன்னு அப்பா பிடிச்சு இழுத்தார்.

காரணம் இதுதான். சுமார் 1,500 மீட்டர் உயரத்துல இருக்கற ஏற்காட்டுல, திறந்த பாத்திரத்துல தண்ணி கிட்டத்தட்ட 95 டிகிரியிலேயே கொதிச்சுடும். ரேடியேட்டர்ல 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காம இருக்கக் காரணம், மூடி உள்ளே பிடிச்சு வெச்சிருக்கற அழுத்தம். சூட்டோட திறந்தா அழுத்தம் போயிடும், கொதிநீர் மூஞ்சியில அடிக்கும்!

அரை மணி நேரம் காத்திருந்தோம். அப்பா ஸ்விட்ச்சோட ரெண்டு ஒயரையும் கழட்டி, நடுவுல ஒரு துண்டு ஒயரை வெச்சு இணைச்சுட்டு, சாவியைப் போடச் சொன்னார். விர்ர்ர்ர்... ஃபேன் சுத்துச்சு! 'ஃபேனும் ஓகே, ஃபியூஸும் ஓகே. அப்போ ஸ்விட்ச்தான். புதுசு தானேடா போட்ட?'

உண்மையைச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை பேசலை. நேரடியா சுத்தின ஃபேனோட மெதுவா மலை ஏறினோம். கிளியூர்ல அருவிச் சத்தம் கேக்கற இடத்துல நின்னுதான் வாயைத் திறந்தார்: 'பணம் போனா போகட்டும். வண்டியில நாலு பேர் இருந்தோம்டா...'

அருவியில நனையாமலே நடுங்கினேன்.

மறுவாரம் என் காசுல ஸ்விட்ச் வாங்கினேன். கட்டை விரல் சைஸ்தான். உள்ளே ரெண்டு உலோகம் ஒட்டின சின்னத் தகடு. சூட்டுல ரெண்டும் வேற வேற அளவு விரியறதால, குறிப்பிட்ட சூட்டுல 'டக்'குனு வளைஞ்சு ஃபேனுக்கு கரன்ட் கொடுக்கும். ஆறினா பழையபடி நிமிர்ந்து நிறுத்திடும். எங்க ஸ்விட்ச் 95 டிகிரியில ஆன், 90-ல ஆஃப். வாங்கும்போது உங்க வண்டிக்கான அளவைப் பாருங்க. கூடுதலா இருந்தா ஃபேன் லேட்டாதான் சுத்தும். புது கார்கள்ல இந்த வேலையை சென்சாரும் கம்ப்யூட்டரும் பார்த்துக்கும். அதுல ஒயரை இணைக்கற விளையாட்டெல்லாம் வேண்டாம்!

அடுத்து மலை ஏறறதுக்கு முன்னாடி, இன்ஜினை ஓட விட்டு ஃபேன் தானா சுத்துதான்னு பாருங்க பாஸ். அப்புறம்... வீட்டுல 'மாத்தியாச்சா?'ன்னு கேட்டா, மாத்திட்டு 'ஆச்சு' சொல்லுங்க!