சோம்பலுக்கு ஒரு கணக்கு

ஆற்றலை மடியில் வைத்துக்கொண்டே வேலை செய்ய மறுக்கும் குவாண்டம் நிலைகள் இருக்கின்றன. செயலற்ற நிலைகள் என்பார்கள். 1978-ல் வார்சாவின் புஷ், வொரோனோவிச் இருவரும் இவற்றுக்கு இலக்கணம் வகுத்தார்கள். வெளியிலிருந்து எப்படி ஆட்டி அசைத்தாலும், முடிவில் ஆட்டியதைப் பழையபடி விட்டுவிட்டால், ஒரு துளி வேலையும் பெயராது. அடையாளம் எளிது: ஆற்றல் படியில் மேலே போகப் போக, அங்கே இருக்கும் வாய்ப்பு கூடக் கூடாது.

தனியாக மசியாத இந்தச் சோம்பேறிகளில் இரண்டைச் சேர்த்து வைத்தால், சில சமயம் வேலை வாங்கலாமாம்! நம்பிக்கை வராமல் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். மூன்று படிகள்; ஆற்றல் 0, 3, 4. வாய்ப்பு நூற்றுக்கு 50, 40, 10. இறங்கு வரிசைதான், குற்றமில்லை. அச்சு அசலாக இன்னொன்றைப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் நடுப்படியில் இருக்க வாய்ப்பு 16, மொத்த ஆற்றல் 6. முதலாவது அடியிலும் இரண்டாவது உச்சியிலும் இருக்க வாய்ப்பு 5, ஆற்றல் 4. ஆற்றல் கூடிய இடத்தில் கூட்டமும் கூடிவிட்டது! இரண்டையும் இடம் மாற்றினால் சராசரியாக 0.22 அலகு வேலை கிடைக்கும்.

எங்கள் தெருத் திண்ணையில் ஒரு பெரியவர் இருந்தார். தனியாக இருந்தால் விசிறியைக்கூட அசைக்க மாட்டார். எதிர்வீட்டுக்காரரும் அதே ரகம். இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தால் 1967 தேர்தல் மறுபடி ஆரம்பமாகும். சற்று நேரத்தில் துண்டை உதறிக்கொண்டு எழுந்து, சாட்சி தேடி டீக்கடை வரை நடப்பார்கள். “வீட்டுக்கு ஒரு குடம் தண்ணி தூக்க மட்டும் முடியாது” என்பாள் பாட்டி. மூன்றாமவர் ஒருவர் உண்டு. யாரோடு உட்கார வைத்தாலும், எந்தத் தேர்தலைக் கிளப்பினாலும், “அப்படியா” என்பதோடு சரி.

எத்தனை பிரதிகளைச் சேர்த்தாலும் “அப்படியா” என்றே இருப்பது வெப்பச் சமநிலை மட்டுமே. அங்கே ஆற்றல் ஓர் அலகு கூடினால் வாய்ப்பு இத்தனை மடங்கு குறையும் என்பது எல்லாப் படிக்கும் ஒரே விகிதம். அதைத் தீர்மானிப்பது வெப்பநிலை. என் கணக்கிலோ முதல் 3 அலகு ஏறியும் ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது. அடுத்த ஒரே அலகில் முக்கால் பங்கு போய்விடுகிறது. இரண்டு இடைவெளி, இரண்டு வெப்பநிலை. இரண்டு வெப்பநிலை இருந்தால் எஞ்சின் ஓட்டலாம் என்று கார்னோ 1824-லேயே சொல்லிவிட்டார்.

ஆக, வெப்பநிலை சூட்டின் அளவு என்று பள்ளியில் படித்தது பாதிதான். எந்தக் கூட்டத்தில் போட்டாலும் மசியாதவருக்கே அப்படி ஒன்று உண்டு. மற்ற சோம்பேறிகளெல்லாம் கூட்டாளி கிடைக்காத எஞ்சின்கள்.