பத்தாம் நாளில் நிறுத்தப்படும் மாத்திரை

மனச்சோர்வுக்கு மருந்து உண்பது ஈமானின் பலவீனம் என்னும் எண்ணம் நம் சமுதாயத்தில் ஆழ வேரூன்றியிருக்கின்றது. சேலம், நாமக்கல் பகுதியில் ஒரு மதரஸா ஆசிரியரிடம் மக்கள் பிள்ளைகளின் ஓதலைப் பற்றிப் பேச மட்டும் வருவதில்லை. ஓதிய தண்ணீர் கேட்டும் வருகின்றனர். அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர், லாரி ஓட்டுநர் ஒருவரின் மனைவி. கணவர் மாதக்கணக்கில் வடமாநிலங்களில்; வீட்டில் கடன்; இரவில் உறக்கமில்லை. மருத்துவர் மாத்திரை எழுதித் தந்திருந்தார். "பத்து நாளாச்சு ஹஜ்ரத், ஒண்ணும் குணம் தெரியல. ஜின் கோளாறுன்னு சொல்லி அம்மா நிறுத்தச் சொல்லிட்டாங்க" என்றார்.

ஓதிக் கொடுத்தேன். மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்றும் கூறினேன். ஆயினும் அந்தப் பத்து நாள் கணக்கு என் மனத்தை விட்டு அகலவில்லை. அதன் பொருட்டே இத்துறை நூல்களைத் தேடி வாசித்தேன்.

கவலை நீடிக்கும்போது சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்னும் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கின்றது. ஆபத்து வேளையில் அது நமக்கு அருட்கொடை. மாதக்கணக்கில் நீடித்தால், நினைவாற்றலுக்குரிய ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதியை அது வாட்டுகின்றது. அப்பகுதியில் வளர்ந்த உயிர்களிலும் புதிய நரம்பணுக்கள் பிறக்கின்றன என்பதை ஜோசப் ஆல்ட்மன் 1960களில் எலிகளிடம் கண்டறிந்தார்; நெடுங்காலம் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 1998இல் மனித மூளையிலும் அதற்குச் சான்று கிடைத்தது. கடும் அழுத்தம் இப்பிறப்பைக் குறைக்கின்றது என விலங்கு ஆய்வுகள் காட்டின. செரோட்டோனினோ அதை ஊக்குவிக்கின்றது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் விதிதா வைத்யா ஆய்ந்துவருவது இந்தச் செரோட்டோனினையும் அழுத்தத்தையும்தான். 2022இல் அவருக்கு இன்ஃபோசிஸ் பரிசு கிடைத்தது.

இப்போது பத்து நாள் கணக்கிற்கு வருவோம். பரவலாகத் தரப்படும் மாத்திரைகள் சில மணி நேரத்திலேயே செரோட்டோனினைக் கூட்டத் தொடங்குகின்றன. மனமோ தெளியச் சில வாரங்கள் ஆகின்றன. பிறந்த நரம்பணு முதிர்ந்து பணிக்கு வரவும் வாரங்கள் ஆகும். 2003இல் ரெனே ஹென் குழுவினர், எலிகளில் புதிய அணுக்களின் பிறப்பைக் கதிர்வீச்சால் தடுத்தபோது மருந்தின் பயனும் மறைந்ததைக் கண்டனர். எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்திவிட இயலாது. முதிர்ந்த மனிதருக்குப் புதிய அணுக்கள் எத்துணை பிறக்கின்றன என்பதில் 2018இல் வெளிவந்த ஆய்வுகளே ஒன்றோடொன்று முரண்பட்டன. தாமதத்திற்கு வேறு விளக்கங்களும் உண்டு. காரணம் எதுவாயினும் தாமதம் மெய். பத்தாம் நாளில் நிறுத்துபவர், விதை முளைக்குமுன் நீரை நிறுத்துபவர்.

யஃகூப் நபி (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரத்தால் கண்பார்வையை இழந்ததைக் குர்ஆன் கூறுகின்றது. அவர்களின் ஈமானில் குறை காண நம்மில் எவருக்குத் துணிவு உண்டு? துயரம் உடலைத் தாக்கும் என்பதற்கு நமக்கு ஆய்வுக்கூடச் சான்றுகூடத் தேவையில்லை. எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்கியுள்ளான் என்பதும் நாம் ஜும்ஆ மேடைகளில் கேட்டுப் பழகிய நபிமொழிதான்.

மருந்தை மறுத்த பாதை எங்கே சென்றது என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் தர்காவை அண்டியிருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். பின்னாளில் அதே ஊரில் 'தவா–துஆ' என்னும் பெயரில் மருத்துவமும் பிரார்த்தனையும் ஒருங்கே நடைபெற வழி செய்யப்பட்டது.

இன்னொன்று. ரமழான் வந்தால் பலர் மருத்துவரைக் கேளாமலே இம்மாத்திரைகளை விட்டுவிடுகின்றனர். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் பதற்றமும் வரக்கூடும். ஒரு வேளை மாத்திரையாயின் இஃப்தாருக்குப் பின்னரோ ஸஹரிலோ உட்கொள்ளலாமா என நோன்பு தொடங்குமுன் மருத்துவரிடம் கேளுங்கள். நோன்பே கூடாது என்று அவர் கூறினால், நோயாளிக்கு மார்க்கம் அளித்த சலுகை இருக்கின்றது. இரவில் எவரிடமாவது பேச வேண்டுமெனில் அரசின் டெலி மானஸ் எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.