மூக்கு அவள் மூக்கில்லை

கைவிடப்பட்ட கல்குவாரி அது. கோடையில் தண்ணீர் வற்றியபோது, கம்பி சுற்றிய சாக்கு மூட்டை ஒன்று ஆடு மேய்த்தவர்கள் கண்ணில் பட்டது. உள்ளே எலும்புகள். பெண், வயது 25-க்கும் 35-க்கும் இடையில் என்பதற்கு மேல் அரசு மருத்துவரால் சொல்ல முடியவில்லை. துணி மட்கிவிட்டது, நகை எதுவும் இல்லை. மாவட்டத்தில் காணாமல்போன பெண்களின் புகார்களில் ஒன்றுகூட ஒத்துவரவில்லை.

செத்தவர் யாரென்று தெரியாத கொலை வழக்கில் கொன்றவரைத் தேட நூல்முனையே கிடைக்காது. மண்டையோட்டையும் போட்டோவையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்க்கும் முறையை 1960-களிலேயே ராம் லோசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. ஆனால் அதற்கு இன்னாராக இருக்கலாம் என்ற சந்தேகமும் ஒரு போட்டோவும் முதலில் வேண்டும். இங்கே இரண்டும் இல்லை. காவல் ஆய்வாளர் விடாப்பிடியானவர். மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் பேராசிரியர் ஒருவரின் மேற்பார்வையில், சிற்பம் படித்த ஒரு பெண்ணிடம் அந்த மண்டையோட்டுக்கு முகம் செய்யக் கொடுத்தார்.

அந்த முகத்தின் படம் பத்திரிகையில் வந்த அதே வாரம், பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒரு தாய் காவல் நிலையம் வந்தார். மகள் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள் என்று மருமகன் சொன்னதை நம்பிக்கொண்டிருந்தவர். மருமகன் கைதானார். அவருக்காக நான் ஆஜரானேன்.

தாயின் சாட்சியம்தான் முதலில். அந்தக் களிமண் தலை சான்றுப் பொருளாக மேசைமேல் இருந்தது. குறுக்கு விசாரணையில் கேட்டேன்: "எதை வைத்து உங்கள் மகள் என்கிறீர்கள்? கண்ணா, மூக்கா?"

"மூக்கு எம்மவ மூக்கே இல்லைங்கய்யா. காதும் இல்ல. அந்தப் பல்லு எம்மவ பல்லு."

உருவத்தின் உதடுகள் சற்றே திறந்திருந்தன. மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல் தெரிந்தது.

அந்தப் பதிலை ஒதுக்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அடுத்த சாட்சி சிற்பி. இந்தக் கலையின் ஓட்டைகளையெல்லாம் படித்து வைத்திருந்தேன். மண்டையோட்டின் வார்ப்பில் குறிப்பிட்ட புள்ளிகளில் குச்சிகளை நடுவார்கள். அந்த இடத்தில் சதை எவ்வளவு தடிமன் இருக்கும் என்று சொல்ல ஓர் அட்டவணை உண்டு. நெற்றியில் சில மில்லிமீட்டர்தான், கன்னத்தில் அதைவிடப் பல மடங்கு. குச்சிகளின் உயரத்துக்குக் களிமண்ணை நிரப்புவார்கள். 1895-ல் லைப்சிகில் இசைமேதை பாஹ்வின் எலும்புகள் என்று கருதப்பட்டவற்றை அடையாளம் காண, உடற்கூறியலாளர் ஹிஸ் இப்படித்தான் ஒரு சிற்பியின் துணையோடு முகம் செய்து பார்த்தார். ஆனால் மூக்கு நுனி, காது மடல், உதட்டின் பருமன், ஆள் ஒல்லியா தடியா என்பதெல்லாம் எலும்பில் எழுதியிருக்காது.

ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"அட்டவணை எந்த ஊர் மக்களை அளந்தது?" "வெளிநாட்டினரை, சார்."

"மூக்கு நுனி?" "உத்தேசம்தான்."

"காது? முடி? நெற்றிப் பொட்டு?" "எல்லாம் உத்தேசம். பொட்டு, பார்க்கிறவர்களுக்கு ஒரு பெண்ணாகத் தெரியட்டும் என்று வைத்தேன்."

"இதே மண்டையோட்டுக்கு இன்னொரு சிற்பி செய்தால் இதே முகம் வருமா?" "வராது, சார். கொஞ்சம் வேறு மாதிரிதான் இருக்கும்."

அரசு வழக்கறிஞர் நெளிந்தார். அப்போதைய சாட்சிச் சட்டத்தின் 45-வது பிரிவில் அறிவியலோடு கலையும் வல்லுநர் கருத்துக்குரிய துறையாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்று எழுந்து நினைவூட்டினார். எனக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டிருந்தது. உட்காரப் போனேன். சிற்பி நீதிபதியைப் பார்த்து, "ஒன்று மட்டும் சொல்லலாமா ஐயா?" என்றார். நீதிபதி தலையசைத்தார்.

"பல்லை நான் செய்யவில்லை. மண்டையோட்டில் இருந்தது அப்படியே வார்ப்பில் வந்தது. இந்த முகத்தில் இறந்தவருடையது என்று நிச்சயமாக நான் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். அதனால்தான் உதட்டைத் திறந்து வைத்தேன்."

மறுபடி எழுந்தேன். தாய் கொடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டுச் செய்தீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். தாய் வருவதற்கு முன்பே ஒவ்வொரு கட்டத்திலும் தேதியோடு எடுத்த படங்களைச் சிற்பி எடுத்து நீட்டினார். தவிரவும், தாயிடம் இருந்த ஒரே படம் கல்யாணக் கூட்டத்தில் எடுத்தது. அதில் மகளின் வாய் மூடியிருந்தது. தெத்துப்பல்லை அதிலிருந்து யாரும் திருடியிருக்க முடியாது.

எத்தனையோ வல்லுநர் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். தெரியாததைத் தெரியும் என்பவரை உடைப்பது சுலபம். இந்தப் பெண் தெரியாததையெல்லாம் தெரியாது என்று விட்டுக்கொடுத்ததால்தான், தெரியும் என்று சொன்ன அந்த ஒரே வார்த்தைக்கு யானை பலம் வந்துவிட்டது.

தொடை எலும்பில் போதுமான டி.என்.ஏ. கிடைக்கவில்லை என்று ஆய்வக அறிக்கை ஏற்கெனவே வந்திருந்தது. அதுதான் எங்கள் தரப்பின் முதுகெலும்பு. அன்று மாலையே நீதிபதி, அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 311-வது பிரிவின் கீழ் தாமாகவே ஓர் உத்தரவு போட்டார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி மறுபடி சோதனைக்கு அனுப்ப வேண்டும். அரசுத் தரப்பின் ஓட்டையை நீதிமன்றமே அடைக்கக் கூடாது என்று கடுமையாக ஆட்சேபித்தேன். குற்றம் சாட்டப்பட்டவரின் சார்பில் அதைச் சொல்வது என் கடமை. ஆட்சேபணை நிராகரிக்கப்பட்டது.

பல்லின் எனாமல் ஓர் உறை. எலும்பை ஊறவைத்துக் கெடுக்கும் தண்ணீர்கூட அதற்குள் எளிதில் புகாது. முகம் முதலில், உறுதி பிறகு என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. 1989-ல் பிரிட்டனின் கார்டிஃபில் கம்பளத்தில் சுற்றிப் புதைத்த நிலையில் கிடைத்த பெண்ணுக்கு, இந்தக் கலையின் வல்லுநர் ரிச்சர்ட் நீவ் முகம் செய்தார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் பெயர் சொன்னார்கள். ஆனால் பற்களும், எலும்பிலிருந்து எடுத்து மரபணு விஞ்ஞானி அலெக் ஜெஃப்ரிஸ் குழு பெற்றோருடன் ஒப்பிட்ட டி.என்.ஏ.வும்தான் அந்தப் பெயரை உறுதி செய்தன. எங்கள் வழக்கிலும் அதே வரிசைதான். பல்லிலிருந்து வந்த அறிக்கை தாயோடு பொருந்தியது.

அதன்பின் அடையாளம் பற்றி நான் வாதிடவில்லை. அடையாளம் நிரூபணமானாலும் கொன்றது இவர்தான் என்றாகாது என்று வாதிட்டேன். ஆனால் மனைவி திருப்பூரில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் அவள் தாலிச் சங்கிலியை அடகு வைத்த சீட்டு அவர் பெயரில் இருந்தது. ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது.

தீர்ப்பில் களிமண் தலைக்கு ஒரே ஒரு பத்திதான். அது அடையாளத்துக்கான சான்று ஆகாது, தாய் காவல் நிலையம் வந்ததற்கான காரணம் மட்டுமே என்று நீதிபதி எழுதியிருந்தார். எதிர்த்தரப்பில் நின்றவன் என்றாலும் அந்தப் பத்தியோடு முழுதாக உடன்படுகிறேன். ஒரு களிமண் முகத்தைப் பார்த்துத் தண்டித்துவிடலாம் என்ற நிலை வந்தால் நாளை யாருக்கும் பாதுகாப்பில்லை.

மேல்முறையீடு முடிந்ததும், மகளின் எலும்புகளைத் தகனம் செய்யத் தரவேண்டும் என்று தாய் மனு போட்டார். கட்சிக்காரரைச் சிறையில் பார்த்துப் பேசினேன். ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். மனு அன்றே அனுமதிக்கப்பட்டது.